மெயினை அணைத்தாயிற்று, கம்பி?

“மெயின ஆஃப் பண்ணிட்டேன், கரண்ட் இல்ல, கை வை தம்பி” என்று ஏணியின் கீழிருந்து ஒருவர் சொல்வதும், மேலே நிற்கும் பையன் அதை நம்பிக் கம்பியைத் தொடுவதும் தமிழ்நாட்டில் வயரிங் வேலை நடக்கும் வீடுகளில் அன்றாடக் காட்சி. அந்த வாக்கியத்துக்குள் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. ஒரு சுவிட்ச் அணைக்கப்பட்டிருக்கிறது என்பது முதல் தகவல். சொன்னவர் அதைத் தம் கையாலேயே செய்திருப்பதால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பையன் தொடப்போகும் கம்பியில் மின்சாரம் இல்லை என்பது இரண்டாவது தகவல். அதை அவர் சோதித்துப் பார்க்கவில்லை, முதல் தகவலிலிருந்து ஊகித்துக்கொண்டார். மின் வேலை பழகுகிறவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கையுறையிலிருந்தோ ரப்பர் விரிப்பிலிருந்தோ தொடங்காமல், இந்த ஊகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சுவழக்கும் ஓரளவு துணைபோகிறது. ‘கரண்ட் போயிடுச்சு’ என்னும்போது மின்வழங்கலையும், ‘கரண்ட் கம்மியா வருது’ என்னும்போது மின்னழுத்தத்தையும், ‘கரண்ட் அடிச்சிடுச்சு’ என்னும்போது உடம்பு வாங்கிய அதிர்ச்சியையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அந்தச் சொல்லின் நேர்ப்பொருளான மின்னோட்டத்தை மட்டும் அதனால் அநேகமாகக் குறிப்பதில்லை. அணைந்திருக்கும் விளக்கின் ஹோல்டரில் மின்னோட்டம் சிறிதும் இல்லை. ஆனால் சுவிட்சை, மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியில் வைக்காமல், அது திரும்பிப்போகும் நியூட்ரல் கம்பியில் வைத்து யாரோ வயரிங் செய்திருந்தால், அணைந்த விளக்கின் ஹோல்டர் முழுவதும் 230 வோல்ட் மின்னழுத்தத்தில் காத்திருக்கும். அதைத் தொடுகிறவரின் உடம்புதான் சுற்றை முழுமையாக்கி, அதுவரை இல்லாத மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. விளக்கு எரியாததைக் கண்டு ‘கரண்ட் இல்லை’ என்று சொன்னவர் ஒரு பொருளில் பொய் சொல்லவில்லை.

பழகுநரின் நிலை மற்றவர்களுடையதைவிடச் சற்று வேறானது. மூத்த மின்பணியாளர் எந்தச் சுற்று எங்கே போகிறது என்று மனத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறார். சுவிட்சும் அவர் கையில் இருக்கிறது. பழகுநரோ ஏணியைப் பிடிப்பார், வயரைத் தள்ளிக்கொடுப்பார், போர்டைத் தாங்கிப் பிடிப்பார், திருப்புளியை எடுத்து நீட்டுவார். கம்பியின் மேல் அவர் வேலை செய்வதைவிடக் கம்பிக்கு அருகில் நின்று வேலை செய்வதே அதிகம். எது எப்போது அணைக்கப்பட்டது, யார் மறுபடி போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குக் காதுவழிச் செய்தியாகவே வந்து சேர்கிறது.

சட்டம் இந்த நிலையை முன்பே கண்டுகொண்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 36ஆம் விதியும், அதன் இடத்துக்கு வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளில் 19ஆம் விதியும், மின்சாரம் உள்ள கம்பியிலோ கருவியிலோ அதற்கென அதிகாரம் பெறாத எவரும் வேலை செய்யக் கூடாது என்று சொல்வதோடு நிற்கவில்லை. அப்படி வேலை செய்பவருக்கு உதவவும் கூடாது என்று தனியாகச் சொல்லின. அதாவது, ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கையாள் விதியின் எழுத்துக்குள்ளேயே இருக்கிறார். பிரிட்டனில் 1989ஆம் ஆண்டு வந்த பணியிட மின்சார விதிமுறைகளின் 14ஆம் விதியும் மின்கடத்தியின் ‘மேல்’ செய்யும் வேலையையும் ‘அருகில்’ செய்யும் வேலையையும் ஒரே கட்டுப்பாட்டின்கீழ் வைக்கிறது. 2010ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பதிலாக 2023இல் புதியவை வந்துவிட்டன; ஆனால் ஏணியடியில் நிற்கும் பையனிடம் இவற்றில் எதையும் யாரும் வாசித்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

ஒரு கணம் தொட்டால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்கு எண்களில் பதில் சொல்ல முடியும். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் ஒரு கம்பியைப் பிடிக்கச் செய்து, எவ்வளவு மின்னோட்டம் வரை அவர்களால் தாமாகவே கையை விடுவித்துக்கொள்ள முடிகிறது என்று அளந்தார். சராசரி ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியராகவும் பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியராகவும் இருந்தது. ஏறக்குறைய எல்லா ஆண்களாலும் விட முடிந்த அளவு 9 மில்லி ஆம்பியர், பெண்களில் 6 மில்லி ஆம்பியர்தான். அதற்கு மேல் போனால் முன்கைத் தசைகள் இறுகி, விரல்கள் கம்பியை இன்னும் கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றன. ‘கரண்ட் பிடிச்சு இழுத்துக்கிச்சு’ என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. பிடித்தவரின் சொந்தக் கையே அவருக்கு அடங்காமல் போகிறது. விரல் மடங்கும் பக்கத்தால் எதையும் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்லிவைத்ததற்கு இதுவே காரணம். புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம் என்று அதிலிருந்து இன்னொரு பாடம் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

கை விடுபடாத நிலையில் நேரம் நீள்கிறது. நேரம் நீண்டால் சிறிய மின்னோட்டமும் போதும். 20, 30 மில்லி ஆம்பியரில் மூச்சுத் தசைகள் இறுகத் தொடங்கலாம். அதைவிடக் கூடினால் இதயம் சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளுவதில்லை. 50 கிலோ எடையுள்ள ஒருவர் பெரும்பாலும் தாங்கக்கூடிய மின்னோட்டம், 116 மில்லி ஆம்பியரை நொடிக்கணக்கின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவு என்று டால்சியல் ஒரு வாய்பாடு தந்தார். துணைமின்நிலையங்களை மண்ணோடு இணைக்கும் எர்த்திங் வடிவமைப்பில் அது இன்றும் பயன்படுகிறது. ஒரு கையிலிருந்து மறுகைக்கோ காலுக்கோ உடம்பின் தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். அந்த வாய்பாட்டின்படி அதைத் தாங்கும் நேரம் ஏறக்குறைய கால் நொடி. சித்திரை வெயிலில் பனியன் நனைந்து, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவருக்கு அந்த 1,000 ஓம் என்பதுகூடப் பெருந்தன்மையான கணக்காகிவிடக்கூடும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. பேனல் பெட்டியில், மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இருப்பதால், ஷாக் அடித்தால் அது டிரிப் ஆகிவிடும் என்று நம்பும் பழகுநர்கள் ஏராளம். வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். விளக்குச் சுற்றின் எம்சிபி வழக்கமாக 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். உடம்பில் பாயும் 230 மில்லி ஆம்பியர் அதற்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவதைவிடக் குறைவான சுமை. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக வைத்த சாதனம் அது. ஒரு மனிதன் துடித்துக்கொண்டிருப்பதை அது கவனிக்கவே கவனிக்காது. உலோக உடல் கொண்ட கருவியில் ஃபேஸ் கசிந்து, அந்தக் கருவிக்கு நல்ல எர்த் இருந்தால் மட்டும் கதை மாறும்: எர்த் பாதையின் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாய்ந்து எம்சிபி விழும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு டிரில்லிங் மெஷினை ஓட்டுகிறவர் இந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறார்.

மனிதனைக் காக்க வந்தது ஆர்சிசிபி. கடைக்காரர்கள் இன்னும் பழைய பெயரில் ஈஎல்சிபி என்றே சொல்வார்கள். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வித்தியாசம் வந்தால், அந்த அளவு வேறு எங்கோ, ஒருவேளை ஒருவர் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். வீடுகளுக்கான 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியரில் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும். முன்சொன்ன கால் நொடிக்கு இது வெகுவாக முந்திவிடுகிறது. ஆயினும் பழகுநர் இதன் எல்லையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உலர்ந்த மர ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு ஒரு கையால் ஃபேஸையும் மறுகையால் நியூட்ரலையும் தொட்டால், போன மின்னோட்டம் முழுதும் அவர் மார்பு வழியாக நியூட்ரலுக்கே திரும்புகிறது; கணக்கு சரியாக இருப்பதால் ஆர்சிசிபி அசையாது. மர ஸ்டூல் இந்த இடத்தில் காப்பாற்றுவதற்குப் பதிலாக, காப்பாற்ற வந்த சாதனத்தின் கண்ணைக் கட்டிவிடுகிறது. இரண்டு ஃபேஸ் வரும் போர்டாக இருந்தால் அந்த இரு கைகளுக்கு இடையே இருப்பது ஏறக்குறைய 400 வோல்ட்.

மெயினை அணைத்த பிறகும் கம்பியில் எப்படி மின்சாரம் வருகிறது என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டின் கடந்த இருபது ஆண்டு மின்வரலாற்றிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 2008ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டுக் காலத்தில் நடுத்தர வீடுகளில் பரவலாக இன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது. பழைய வயரிங்கின் மேல் புதிதாக ஒரு கம்பி இழுத்து, விளக்கு, மின்விசிறிச் சுற்றுகளை அதில் சேர்த்து, நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிட்ட வீடுகள் பல. அத்தகைய வீட்டில் மெயினை அணைப்பது என்பது, இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை மின்வெட்டு வந்ததற்குச் சமம். கண் இமைக்கும் நேரத்தில் அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை உண்டாக்கி விளக்குச் சுற்றுக்கு அனுப்பிவிடும். மெயின் அணைந்த அதே கணத்தில் கம்பிக்கு வேறொரு வழியாக மின்சாரம் வந்துவிடுகிறது. அணைத்தவரோ மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று ‘கை வை’ என்கிறார்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள ஒரு செலக்டர் சுவிட்ச் இருக்கும். வேலை நடக்கும் அறையில் விளக்கு எரியவில்லை என்று கண்டு, வீட்டுப் பெரியவர் வழக்கம்போல அதை ஒரு சுற்றுத் திருப்பிவிடலாம். கூரைமேல் சூரியப் பலகைகள் வைப்பது 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் திட்டம் வந்த பிறகு வேகம் பிடித்திருக்கிறது. தெருவில் மின்சாரம் நின்றால் அந்த அமைப்பின் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது; ஆனால் பலகைகளிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் நேர்மின்னோட்டக் கம்பிகளில், வெயில் இருக்கும்வரை, பல நூறு வோல்ட் அப்படியே இருக்கும். அதை அணைக்கச் சூரியனைத்தான் அணைக்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மின்விசிறி, ஏசி ஆகியவற்றின் கெப்பாசிட்டர்களும் இணைப்பைத் துண்டித்த பிறகு சிறிது நேரம் மின்னூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

நியூட்ரல் இவற்றையெல்லாம்விடச் சூதானது. அது ஒன்றும் செய்யாது என்று பழகுநர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டு விடுகிறார். டெஸ்டரும் அதில் எரிவதில்லை. சுமை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுற்றின் நியூட்ரல் இணைப்பைக் கழற்றியதும், மின்விசிறி வழியாகவோ பல்பு வழியாகவோ வந்த ஃபேஸ், திரும்பிப்போக வழியில்லாமல் அந்தக் கழற்றிய முனையில் வந்து நிற்கிறது. ஒரு நொடிக்கு முன்பு சாதுவாக இருந்த கருப்பு வயர், இப்போது 230 வோல்ட்டில் பழகுநரின் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால், எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். சில வீடுகளில் ஓர் அறையின் விளக்குக்கு அடுத்த அறைச் சுற்றிலிருந்து நியூட்ரலை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அங்கே எந்த எம்சிபியை அணைத்தாலும் பாதிதான் அணையும். வயர் நிறத்தையும் அளவுக்கு மீறி நம்ப முடியாது. நம் ஊர் மூன்று ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கருப்புதான் நியூட்ரல். ஆனால் வெளிநாட்டு முறைப்படி செய்த கருவிகளின் கேபிளில் நீலம் நியூட்ரலைக் குறிக்கும். இதையும் தாண்டி, அன்று கையில் மிச்சமிருந்த வயர் எந்த நிறமோ அதையே போட்டு முடித்தவர்களும் உண்டு.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்கு மின்சாரம் நிற்கும் என்று முந்தைய நாளே அறிவிப்பு வந்துவிடுவதால், கரண்ட் இல்லாத நேரத்திலேயே முடித்துவிடலாம் என்று மெயினைத் தொடாமலேயே வேலையைத் தொடங்குவது பலருக்குப் பழக்கம். அறிவிப்பில் சொன்ன நேரத்துக்கு முன்பே பணி முடிந்து மின்சாரம் திரும்பினால் அதை யாரும் வந்து சொல்லப்போவதில்லை. மின்வாரிய ஊழியர்கள் தம் வேலைக்கு ‘எல்.சி.’ எனப்படும் லைன் கிளியர் பெற்று, கம்பியை எர்த் செய்த பிறகே ஏற வேண்டும் என்ற முறை இருக்கிறது. அதே தெருவில் ஒரு வீட்டுக்குள் வேலை செய்யும் பையனுக்கு அந்த எல்.சி.யில் பங்கில்லை.

ஆகவே மின்சாரம் இல்லை என்பதைக் கருவி வைத்துச் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும். அதற்கு எல்லோர் சட்டைப்பையிலும் இருப்பது டெஸ்டர். அதனுள் ஒரு சிறிய நியான் விளக்கும் அதற்குத் தொடராக ஏறக்குறைய 10 லட்சம் ஓம் தடையும் இருக்கின்றன. தொடுகிறவரின் உடம்பு வழியாக மண்ணுக்குச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் விளக்கு எரிகிறது. எரிந்தால் மின்சாரம் இருக்கக்கூடும் என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை. எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு அது போதாது. மொட்டை மாடி வெயிலில் நியானின் ஒளி கண்ணுக்குத் தெரியாது; உலர்ந்த மர ஏணியின் மேல் நிற்பவருக்கு ஒளி மங்கிவிடும்; மேலேயிருந்து ஒருமுறை கீழே விழுந்த டெஸ்டரில் விளக்கே செத்துப்போயிருக்கலாம்; மூடியில் விரல் சரியாகப் படாமலும் இருக்கலாம். இத்தனை காரணங்களில் எதனால் எரியவில்லை என்று அந்தக் கருவியால் சொல்ல முடியாது. மல்டிமீட்டருக்கு எதிர்ப்பக்கக் கோளாறு: எங்கும் இணையாமல் கிடக்கும் வயரில்கூட, பக்கத்து வயரின் தூண்டலால் சில பத்து வோல்ட்டுகளைக் காட்டிப் பயமுறுத்தும். இரண்டில் எதை நம்பலாம் என்று கேட்டால், மீட்டரைத்தான் சொல்வேன். இல்லாத மின்சாரத்தைக் காட்டும் கருவி நேரத்தைத்தான் வீணாக்கும்.

அதற்கும் ஒரு முறை உண்டு. சோதிக்கும் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தொடப்போகும் இடத்தில், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் என்று மூன்று முறையும் சோதிக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி அந்த முதல் இடத்துக்குப் போய்க் கருவி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவியை மறுபடி பார்க்கும் இந்தக் கடைசிச் சோதனை எதற்கு என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. இடையில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தாலோ புரோப் வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தாலோ, நடுவில் கிடைத்த ‘பூஜ்யம்’ பொருளற்றதாகிவிடும் என்பதால்தான் அது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏன் பார்க்க வேண்டும் என்றால், தெருக் கம்பத்தில் இணைப்பை மாற்றியபோது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிப்போயிருந்தால், ஒற்றைத் துருவ எம்சிபி நியூட்ரலை மட்டும் துண்டித்துவிட்டு ஃபேஸை வீட்டுக்குள் விட்டுவைத்திருக்கும் என்பதால்.

சோதித்த பிறகு அந்த நிலை மாறாமல் காப்பது அடுத்த வேலை. இங்கேதான் ஒரு நல்ல பழக்கத்தை நாம் கவனிக்காமலே தொலைத்துவிட்டோம் என்று தோன்றுகிறது. பீங்கான் ஃபியூஸ் இருந்த காலத்தில், வேலையைத் தொடங்கும் எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அது அவர் பையில் இருக்கும்வரை, வீட்டுக்காரரோ கொத்தனாரோ பக்கத்து அறையில் பெயிண்ட் அடிப்பவரோ யார் நினைத்தாலும் அந்தச் சுற்றுக்கு மின்சாரத்தைத் திருப்ப முடியாது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில், அணைத்த சுவிட்சுக்குப் பூட்டும் எச்சரிக்கை அட்டையுமாகப் பின்னாளில் எழுதிவைத்த முறையின் சாரம் முழுவதும் அந்தச் சட்டைப்பையில் இருந்தது. அமெரிக்காவில் அதற்கான கூட்டாட்சி விதி 1989இல்தான் வந்தது. பிறகு நமக்கு எம்சிபி வந்தது. எல்லா வகையிலும் ஃபியூஸைவிட மேலான சாதனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் மேலே தள்ளிவிடலாம். எம்சிபியின் மேல் மாட்டிச் சிறு பூட்டுப் போடக்கூடிய பிடிப்பான்கள் விற்கின்றன, விலையும் பெரிதில்லை. வீட்டு வேலைக்கு வரும் குழுக்களில் அதை வைத்திருப்பவர்கள் அரிது. அது இல்லையென்றால், எம்சிபியிலிருந்து சுற்றுக்குப் போகும் கம்பியைக் கழற்றி முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைப்பது, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று பேனல் மேல் எழுதி ஒட்டுவது, பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவது என்று ஏதாவதொரு வழியில் அந்தப் பழைய சட்டைப்பையின் வேலையைச் செய்தாக வேண்டும். பூட்டுப் போட்டால் சாவி யாருடைய கை கம்பியில் இருக்கிறதோ அவரிடம் இருக்க வேண்டும். பழகுநர் மேலே இருக்கும்போது சாவி அவருடையது.

அருகில் செய்யும் வேலைகளில் கம்பியைத் தொடும் எண்ணமே இருப்பதில்லை என்பதால் சோதனையும் நடப்பதில்லை. சுவருக்குள் போகும் பைப்பில் புது வயர் இழுக்க உலோக ஸ்பிரிங்கை ஒரு முனையில் விட்டுத் தள்ளுகிறார்கள். அது மறுமுனையில் எந்தப் போர்டுக்குள் தலைநீட்டும் என்பது தள்ளுகிறவருக்குத் தெரியாது. அங்கே திறந்து கிடக்கும் ஒரு ஃபேஸ் முனையில் அது உரசினால், அதன் முழு நீளமும் மின்சாரமாகி அவர் கைக்கு வந்து சேரும். இழுக்கும் வயரின் ஃபேஸை அணைத்தார்களே தவிர, அந்தப் போர்டின் மற்றச் சுற்றுகளை யாரும் அணைத்திருக்க மாட்டார்கள். சுவர் வெட்டும் மெஷினும் டிரில்லும் மறைந்து போகும் பைப்பில் இறங்குவது இன்னொரு வகை. சுவிட்ச் போர்டிலிருந்து நேர்மேலாகவும் நேர்கீழாகவும் பைப் போகும் என்று ஊகித்துக்கொண்டு துளையிடுவதைவிட, அந்த அறைக்கான எல்லாச் சுற்றுகளையும் அணைத்துவிட்டு, வேறிடத்திலிருந்து ஆர்சிசிபி வழியாக எடுத்த இணைப்பில் டிரில்லை ஓட்டுவது நல்லது.

வெளியே, மாடி ஓரத்தில் ஆபத்தின் அளவே மாறிவிடுகிறது. 11 கிலோவோல்ட் கம்பி ஒரு கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. கடையில் விற்கும் இரும்புப் பைப்பின் முழு நீளம் 6 மீட்டர். விதிப்படி விலகியிருக்கும் கம்பிகூட, மாடியில் அந்தப் பைப்பைத் தூக்கித் திருப்பும் இருவருக்கு எட்டாத தூரத்தில் இல்லை. 11,000 வோல்ட்டில் உலர்ந்த மரமும் ரப்பர் செருப்பும் எந்தப் பாதுகாப்பையும் தராது. தொடுவதற்கு முன்பே பொறி தாவிவிடக்கூடும். அலுமினிய ஏணியை நிமிர்த்தி வைத்தபடியே இடம் மாற்றுவதும் இதே வகைதான். படுக்கவைத்து, இரண்டு பேர் இரு முனைகளிலும் பிடித்துக் கொண்டுபோவது ஒன்றே வழி.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் மட்டும் ஒரு கட்டிங் பிளேயர் மின்காப்புப் பெற்றதாகிவிடாது. 1,000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணக் குறியும் பொறித்திருக்க வேண்டும். மின்பணிக் கையுறைகளில் ‘00’ வகுப்பு 500 வோல்ட் வரைக்கும், ‘0’ வகுப்பு 1,000 வோல்ட் வரைக்கும் ஆனது. போடுமுன் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்துப் பார்த்தால் ஊசித்துளை இருந்தாலும் தெரிந்துவிடும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இந்தக் கணக்கில் வராது. பேனல் போர்டில் திருப்புளி நழுவி இரண்டு ஃபேஸுக்கு நடுவே விழுந்தால் ஷாக்கே அடிக்காமலும் ஒருவர் முகத்தையும் கண்ணையும் இழக்கலாம். அந்த மின்பொறி வெடிப்பின் சூடு பல ஆயிரம் டிகிரி. அதை ஷாக்கிலிருந்து தனித்த ஓர் ஆபத்தாக ரால்ஃப் லீ என்ற பொறியாளர் 1982இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே உலகம் கவனித்தது. நைலான் பனியன், கையில் உலோகக் காப்பு, கழுத்தில் சங்கிலி ஆகியவை ஏன் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒருவர் மாட்டிக்கொண்டால் அருகில் இருப்பவர் அநேகமாகப் பழகுநராகவே இருப்பார். அல்லது மாட்டியவர் பழகுநராகவும் பார்த்துக்கொண்டிருப்பவர் மூத்தவராகவும் இருப்பார். ஓடிப்போய்ப் பிடித்து இழுப்பதுதான் முதலில் தோன்றும். அப்படி இழுத்தால் இருவரும் ஒரே சுற்றில் சேர்ந்துவிடுவார்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே பார்த்துவைத்திருந்தால், அணைக்கச் சில நொடிகள்தான் ஆகும். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளிவிட வேண்டும். உயர் அழுத்தக் கம்பியானால் மின்வாரியம் அணைக்கும்வரை நெருங்கவே கூடாது. விடுவித்த பிறகு கை, காலைத் தேய்த்துக்கொண்டும் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் இருப்பது நம்மிடையே உள்ள வழக்கம். நின்றுபோன இதயத்துக்கு அதனால் பயனில்லை. மூச்சும் அசைவும் இல்லையென்றால் 108க்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் மார்பின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். நடுங்கும் இதயத்தை மீட்கும் மின்சிகிச்சை ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். தோலில் சிறு புள்ளியாகத் தெரியும் தீக்காயம் உள்ளே தசைவரை போயிருக்கலாம், இதயத் துடிப்பும் பிற்பாடு தடுமாறலாம்.

இவையெல்லாம் எங்கே கற்பிக்கப்படுகின்றன என்று பார்த்தால் இருவேறு உலகங்கள் தெரிகின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படிப்பவருக்குப் பாதுகாப்புதான் முதல் பாடம். அதன் பிறகு 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தம் பதிவு செய்து சேர்ந்தால், காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. ஆபத்தான தொழில்கள் சார்ந்த பிரிவுகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. மற்றோர் உலகம், பள்ளியை விட்டதும் உறவினர் ஒருவருடன் ‘ஹெல்பராக’ப் போகும் பையனுடையது. அவருக்கு ஒப்பந்தமும் இல்லை, பாடமும் இல்லை. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுத 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் வயரிங் தொழிலில் செய்முறை அனுபவமும் வேண்டும். முறைப்படி படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்குத் திறந்துவைத்த நல்ல கதவு அது. எனினும் அந்த ஐந்து ஆண்டுகளை அவர் சான்றிதழ் எதுவும் இல்லாமல், யாரோ ஒருவரின் ஏணியடியில்தான் கழித்திருக்க வேண்டும் என்பதையும் அந்த நிபந்தனையே ஒப்புக்கொள்கிறது. அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, உடன் வேலை செய்யும் மூத்தவரின் பழக்கவழக்கம் எவ்வளவோ அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தில் செலவில்லாமல் மாற்றக்கூடியது ஒன்று உண்டு. சோதிப்பதை மூத்தவரின் வேலையாகவும் தொடுவதைப் பையனின் வேலையாகவும் வைத்திருக்கும் வரிசையைத் திருப்பிவிடலாம். மீட்டரை முதல் நாளிலிருந்தே பழகுநரின் கையில் கொடுத்து, தெரிந்த இடம், தொடப்போகும் இடம், மறுபடி தெரிந்த இடம் என்று அவரையே பார்க்கச் சொல்லி, அவர் சொன்ன பிறகே மூத்தவர் தம் கையை உள்ளே விடலாம். அப்படி வேலை நடக்கும் இடத்தில் ஏணியின் மேலிருந்து கீழே வரும் வாக்கியம் வேறாக இருக்கும்: “மூணு ஜோடியிலயும் பாத்துட்டேண்ணே, ஜீரோதான் காட்டுது, மீட்டரும் சரியா வேலை செய்யுது.”